பேர்த்திலிருந்து இலண்டன் எவ்வளவு தூரம்?

உலகம் சுருங்கிவிட்டது என்று சொல்வது இந்நாளில் ஒரு வழக்கமாகிவிட்டது. உண்மையிற் சுருங்கியது உலகமா, அன்றி அதனைக் கடப்பதற்கு வேண்டிய நேரமா என்று நின்று சிந்திப்போர் மிகச் சிலரே. பூகோளம் கற்பிக்கும் நாமே அதனைச் சரிவரச் சிந்தித்ததில்லை. சிந்திக்கும்படி எம்மைத் தூண்டியவன் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

சென்ற தவணையில் ஒரு நாள், பாடம் முடியும் தறுவாயில் அவன் எழுந்து நின்றான்.

"சேர், அவுஸ்திரேலியாவிலே பேர்த்திலிருந்து இலண்டனுக்கு எங்கும் இறங்காமல் பிளேன் போகுதாம். எவ்வளவு தூரம்? அது எந்தப் பக்கத்தாலே போகும்?"

தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர் என்று சொல்லிவிட்டோம். எந்தப் பக்கத்தாற் செல்லும் என்பதற்கு விடையை அவனே காணட்டும் என்று எண்ணி, சுவரில் தொங்கிய உலகப் படத்தையும் நீண்ட அடிமட்டத்தையும் காட்டினோம். அவன் இரு நகரங்களையும் தொட்டு ஒரு கோடு கீறினான். அக்கோடு எமது தீவை வலப்புறத்தே வெகு தூரம் ஒதுக்கிவிட்டு, மாலைதீவின் தென்கோடிக்கு அருகே மத்திய கோட்டைக் கடந்து, அராபியாவின் தென்கரையை நோக்கிச் சென்றது.

"இதுதான் நேர்வழி" என்றான் மாணவன்.

"படத்திலே நேர்வழி, பூமியிலே அன்று" என்றோம் நாம்.

நூல் காட்டிய வழி

பூமி உருண்டையானது, படமோ தட்டையானது. தோடம்பழத்தின் தோலை உரித்து மேசைமீது பரப்ப முயன்றால், எங்கேனும் அது கிழிந்தே தீரும். கிழியாமற் பரப்ப வேண்டுமாயின் அங்குமிங்கும் இழுத்து நீட்ட வேண்டும். சுவரிற் காணும் உலகப் படங்கள் அவ்வாறு இழுத்து நீட்டப்பெற்றவையே. ஆதலின் படத்தில் நேராகத் தோன்றும் கோடு பூமியில் வளைவாகவும், பூமியில் மிகக் குறுகிய வழி படத்தில் வில்லைப்போல வளைந்தும் காணப்படும்.

மெய்யான குறுக்குவழியை அறிவதற்கு ஒரு கோளமும் ஒரு முழ நூலும் போதும். கோளத்தின் மீது இரு நகரங்களிலும் நூலின் இரு நுனிகளையும் வைத்து இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே மிகக் குறுகிய வழியிற் படியும். அவ்வழியை நீட்டிச் சென்றால் அது பூமியை இரு சம பாதிகளாகப் பிரிக்கும் ஒரு வட்டமாகும். இதனைப் பெருவட்டம் என்பர். விமானங்கள் இயன்ற மட்டில் இப்பெருவட்ட வழியை ஒட்டியே பறக்க விரும்புகின்றன.

மாணவன் பேர்த்தில் ஒரு விரலையும் இலண்டனில் ஒரு விரலையும் வைத்து நூலை இழுத்தான். வகுப்பு முழுவதும் மேசையைச் சூழ்ந்துகொண்டது. மறுகணம் ஓர் ஆரவாரம் எழுந்தது. நூல் படிந்து கிடந்தது எங்கே தெரியுமா? இலங்கைத் தீவின் மேலேயே!

பின்னர் கணக்கிட்டும் பார்த்தோம். நூல் பொய் சொல்லவில்லை. பேர்த்திலிருந்து இலண்டனுக்குச் செல்லும் மிகக் குறுகிய கோடு, எமது தீவின் தென்கிழக்குக் கரையில் ஏறி, கண்டிப் பக்கமாகச் சென்று, மன்னார்க் கடலைத் தாண்டி, மதுரைக்கு மேலாகவும் கோவாவுக்கு மேலாகவும் போய், ஈரானையும் கருங்கடலையும் கடந்து ஐரோப்பாவை அடைகின்றது. அவ்விரு பெரு நகரங்களுக்கும் நடுவே நாம் குடியிருக்கிறோம் என்பது அன்றுவரை எமக்கே தோன்றியதில்லை.

கொக்கல வாவியில் இறங்கிய விமானங்கள்

ஆனால் இதனை வெகு காலத்துக்கு முன்னரே அறிந்து பயன்படுத்தியோர் உளர். அவ்வரலாறு எமது மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே முதன்முதலில் ஆகாய மார்க்கமாகச் சென்றவர்கள் றொஸ் சிமித், கீத் சிமித் என்னும் சகோதரர்களும் அவர்தம் இரு துணைவர்களுமாவர். 1919 நவம்பர் 12 ஆந் திகதி இலண்டனுக்கு அருகிலிருந்து புறப்பட்ட அவர்கள், டிசம்பர் 10 ஆந் திகதி டார்வின் நகரை அடைந்தனர். சென்ற நாட்கள் 28. 1935 ஆம் ஆண்டில் பிரயாணிகளுக்கான விமான சேவை தொடங்கியபோது, பிறிஸ்பேனிலிருந்து இலண்டன் செல்வதற்குப் பன்னிரண்டரை நாட்கள் பிடித்தன. அவ்வழி சிங்கப்பூரைத் தொட்டே சென்றது.

1942 பெப்ரவரி 15 ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. வழி அறுந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கடிதமும் அதிகாரிகளும் செல்ல வேறு மார்க்கம் தேவைப்பட்டது. அப்பொழுதுதான் பேர்த்திலிருந்து இந்து சமுத்திரத்தை ஒரே பாய்ச்சலிற் கடந்து இலங்கைக்கு வருவதென்ற துணிவு பிறந்தது. 1943 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், குவான்டாஸ் நிறுவனத்தின் விமானிகள் கற்றலீனா என்னும் நீர்விமானங்களிற் பேர்த்தின் சுவான் நதியிலிருந்து எழுந்து, காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவியில் வந்து இறங்கினார்கள்.

இடைத்தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். இடையில் இறங்குவதற்கு இடமில்லை. நேரமோ 27 மணித்தியாலம் முதல் 33 மணித்தியாலம் வரை! அதாவது மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேகம். எரிபொருளின் பாரம் காரணமாக ஏற்றக்கூடிய பிரயாணிகள் மூவர் மட்டுமே. அவர்களோடு எழுபது கிலோவுக்குட்பட்ட தபால். எதிரிகளின் காதிற் படுமென்று வானொலியிற் பேசுதல் விலக்கப்பட்டிருந்தது. இருளிலே நட்சத்திரங்களை அளந்து பார்த்தே வழியறிந்தனர். அவ்விமானங்களுக்கு இடப்பட்ட பெயர்களும் நட்சத்திரங்களின் பெயர்களே.

ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்டபடியால், அச்சேவைக்கு இரட்டைச் சூரியோதயம் என்று பெயர் வழங்கலாயிற்று. பயணஞ் செய்தோருக்கு அப்பெயர் பொறித்த சான்றிதழும் கொடுக்கப்பட்டது. 1945 ஜூலையில் சேவை முடிவுறும்வரை 271 தடவை அவ்விமானங்கள் சமுத்திரத்தைக் கடந்தன. யுத்தம் முடிந்தபின், அமெரிக்கா இரவலாகக் கொடுத்த பொருள் என்ற நிபந்தனை காரணமாக, அவ்வீர விமானங்கள் கடலில் அமிழ்த்தப்பட்டன.

நாட்கள் மணிகளாயின

யுத்தத்தின் பின் 1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து இலண்டனுக்கு ஒழுங்கான சேவை தொடங்கிற்று. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என இறங்கி இறங்கிச் சென்று நான்கு நாட்களில் இலண்டனை அடைந்தது. ஜெற் விமானங்கள் வந்தபின் நாட்கள் மணித்தியாலங்களாயின. 1989 ஆகஸ்டில் ஒரு போயிங் 747 விமானம், சாதாரண பிரயாணிகளை ஏற்றாது, இலண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காமல் இருபது மணித்தியாலமும் ஒன்பது நிமிடமும் பறந்து சாதனை செய்தது. 2018 மார்ச் 24 ஆந் திகதி பேர்த்துக்கும் இலண்டனுக்கும் இடையே இறங்காப் பயணிகள் சேவை ஆரம்பமாயிற்று. 2019 நவம்பரில் ஏறத்தாழ ஐம்பது பேருடன் இலண்டனிலிருந்து சிட்னிக்குப் பரிசோதனைப் பயணமாகப் பறந்த விமானம் 19 மணி 19 நிமிடத்திற் சென்றடைந்தது. அதிலிருந்தோரும் இரு சூரியோதயங்களைக் கண்டனர். அத்திட்டத்துக்குச் சூரியோதயத் திட்டம் என்றே பெயர் வைத்தார்கள். கொக்கல வாவியின் நினைவு அப்பெயரிலே தங்கியிருக்கிறது.

ஒரே தூரம், வேறு வேறு நேரம்

இனி, மாணவர்கள் வழக்கமாக மயங்கும் இடத்துக்கு வருவோம். பேர்த்திலிருந்து இலண்டன் செல்ல 17 மணித்தியாலத்துக்கு மேலாகிறது. இலண்டனிலிருந்து பேர்த் திரும்புவதற்கோ ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் குறைவாகவே ஆகிறது. தூரம் ஒன்றாயிருக்க நேரம் வேறுபடுவதேன்?

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதே காரணம், கீழே பூமி நகர்ந்துவிடுகிறது என்று வகுப்பிற் பலர் கூறினர். அது தவறு. பூமியோடு வளிமண்டலமும் சேர்ந்தே சுழல்கின்றது. அவ்வளியிலே மிதக்கும் விமானமும் அதனோடு செல்கின்றது. ஓடும் புகைவண்டிக்குள்ளே பறக்கும் ஈயைப் பாருங்கள். அது பின்தங்கிவிடுகிறதா? உண்மைக் காரணம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், மத்திய அகலக்கோடுகளின் மேல், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கடுங்காற்று ஆற்று வெள்ளம் போல ஓடுகின்றது. அக்காற்றோட்டத்தோடு செல்லும் விமானம் ஆற்றோடு போகும் தோணி. எதிர்த்துச் செல்லும் விமானம் எதிர்நீச்சலிடும் தோணி.

இரண்டாவது மயக்கம் கடிகாரத்தால் வருவது. பேர்த்தில் மாலை 7 மணிக்குப் புறப்படும் விமானம் 17 மணித்தியாலம் பறந்து இலண்டனை அடையும்போது, பேர்த்தில் மறுநாள் நண்பகல் 12 மணி. பேர்த்தின் நேரம் இலண்டனின் மாரிகால நேரத்துக்கு எட்டு மணித்தியாலம் முந்தியது. ஆகவே இலண்டனில் அப்போது அதிகாலை 4 மணி. இரு கடிகாரங்களையும் மட்டுமே பார்ப்பவன் பயணம் ஒன்பது மணித்தியாலம் என்று எண்ணி ஏமாறுவான். இருவேறு ஊர்க் கடிகாரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும் முன், இரண்டையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பரீட்சையில் இக்கணக்கு வந்தால் மறவாதிருங்கள்.

மூன்றாவது, எரிபொருள். அச்சேவையில் ஈடுபட்ட போயிங் 787 வகை விமானம் தரையை விட்டெழும்போது இருக்கக்கூடிய உச்சப் பாரம் 254 தொன். அதில் 100 தொன் வரை எரிபொருளாக இருக்கலாம். முதல் மணித்தியாலத்திற் செலவாகும் எண்ணெயின் ஒரு பகுதி, பதினேழாம் மணித்தியாலத்துக்கான எண்ணெயைச் சுமப்பதற்கே செலவாகின்றது! ஆகையால் தூரம் கூடக் கூட, மேலும் ஒரு கிலோமீற்றர் செல்வது அரிதாகின்றது.

நான்காவது, மனிதர் போடும் வேலி. வானத்திலே வேலியில்லை என்பர், ஆனால் உண்டு. 2022 பெப்ரவரியில் உக்ரேயினின் வான்வெளி பிரயாணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதனையடுத்து ரஷ்ய வான்வெளியும் ஐரோப்பிய நிறுவனங்கள் பலவற்றுக்கு அடைபட்டது. பின்லாந்தின் விமானம் ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோ செல்ல முன்னர் ஒன்பதரை மணித்தியாலம் போதும். அவ்வாண்டு மார்ச்சில் வடதுருவத்தின் பக்கமாகச் சுற்றிச் சென்றபோது பதின்மூன்று மணித்தியாலம் வேண்டியிருந்தது. பேர்த் - இலண்டன் விமானமும் 2024 ஆகஸ்டில், மத்திய கிழக்கின் பதற்றத்தாற் பாதையை மாற்றி, இலண்டன் செல்லும்போது சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்ப நேர்ந்தது. யுத்தம் ஒன்று நேர்ந்தால் நகரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிவிடுகின்றன. 1942 இல் நேர்ந்ததும் அதுவேயன்றோ?

பதினொரு மணித்தியாலந்தானே

இவ்வளவையும் வகுப்பில் விளக்கி முடித்து, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எமது மனம் மட்டும் வேறொரு கணக்கிலே நின்றது. அதனையும் இங்கு கூறிவிடுவது நல்லது. ஏனெனில் அது எமது பிழை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், எமது தாயார் நோயுற்றார். எமது தம்பி இலண்டனில் இருக்கிறான். செவ்வாய்க்கிழமை இரவு அவன் தொலைபேசியிற் கேட்டான்: "அண்ணை, நான் இப்பவே வெளிக்கிடட்டோ?"

கட்டிலிற் கிடந்த தாயாரும், "அவன் வர எத்தினை மணித்தியாலம் செல்லும்?" என்று கேட்டார். கிலோமீற்றர் எத்தனை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

இலண்டனுக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேர்ச் சேவை விமானம் பதினொரு மணித்தியாலத்தில் வந்துவிடும். இவ்வெண்கள் எமக்கு மனப்பாடம். "பதினொரு மணித்தியாலந்தானே. அவதிப்படாதே. வேலையை ஒழுங்குபடுத்திக்கொண்டு சனிக்கிழமை வந்தாற் போதும்" என்று பூகோள ஆசிரியராகிய நாமே அவனுக்குச் சொன்னோம். தாயாருக்கும் அவ்வாறே சொன்னோம். அவர் தலையை அசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு அவர் காலமானார்.

அப்பொழுது இலண்டனில் பிற்பகல் ஒன்றரை மணி. தம்பிக்கு ஆசனம் கிடைத்தது மறுநாள் வெள்ளி இரவு எட்டரை மணி விமானத்தில். சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணியளவில் கட்டுநாயக்காவில் இறங்கினான். வெளியே வந்து வாகனம் ஏற இரண்டு மணி. அங்கிருந்து யாழ்ப்பாணம் 370 கிலோமீற்றர் வரையில்; ஏழரை மணித்தியாலம். வீட்டுப் படலையை அவன் திறந்தபோது இரவு ஒன்பதரை மணி.

கணக்கைப் பாருங்கள். செய்தி கேட்ட கணத்திலிருந்து வீடு வந்து சேர ஐம்பதரை மணித்தியாலம். ஆகாயத்தில் இருந்தது பதினொரு மணித்தியாலம் மாத்திரமே. 8,700 கிலோமீற்றரைப் பதினொரு மணித்தியாலத்திற் கடந்தவனுக்குக் கடைசி 370 கிலோமீற்றரைக் கடக்க ஏழரை மணித்தியாலம் வேண்டியிருந்தது. எஞ்சியதெல்லாம் ஆசனத்துக்கும் வரிசைக்கும் வாகனத்துக்குமாகக் காத்திருந்த நேரம்.

தாய்க்குக் கொள்ளி வைப்பவன் கடைசி மகன் என்பது எமது குல வழக்கம். ஞாயிறு காலை அக்கடனை அவன் குறைவறச் செய்தான். அவ்வளவில் அவன் நேரத்துக்கு வந்தவனே. நாம் சொன்ன சனிக்கிழமையன்றுதான் வந்தான். ஆனால் "அம்மா" என்று அவன் அழைத்தபோது விழித்துப் பார்க்க அவர் இல்லை. செவ்வாய் இரவே அவன் புறப்பட்டிருந்தால் அவரைக் கண்டிருப்பான். தம்பி எம்மை ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. அதுவே எமக்குப் பெரும் பாரமாயிருந்தது.

பன்னிரண்டரை நாட் பயணம் இருந்த காலத்தில் ஒருவனும் "சனிக்கிழமை வா" என்று சொல்லியிரான். உடனே புறப்படு என்றே சொல்லியிருப்பான். தூரம் பெரிதென்று அஞ்சியவர்கள் முந்திக்கொண்டார்கள். தூரம் சிறிதென்று நம்பிய நாம் பிந்திவிட்டோம்.

வீட்டுப் பாடம்

மறுநாள் அப்பத்தாம் வகுப்புக்கு நாம் ஒரு வீட்டுப் பாடம் கொடுத்தோம். இப்பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்களும் அதனைச் செய்து பார்க்கலாம். உங்கள் உறவினர் வாழும் தொலைதூர நகரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோளத்தில் நூலைப் பிடித்து வழியைக் குறியுங்கள். நூலை அளந்து கோளத்தின் அளவுத்திட்டத்தாற் பெருக்கித் தூரத்தைக் காணுங்கள். விமானம் மணிக்கு 850 கிலோமீற்றர் செல்வதாகக் கொண்டு நேரத்தைக் கணியுங்கள். பின்னர், அதன் கீழே இன்னொரு நிரலில், அவர் வீட்டுக் கதவிலிருந்து உங்கள் வீட்டுப் படலைவரை ஆகும் முழு நேரத்தையும் எழுதுங்கள்: ஆசனம் பெறும் நேரம், நிலையத்தில் நிற்கும் நேரம், தரைவழி நேரம் அனைத்தையும் சேர்த்து. முதல் நிரல் பரீட்சைக்கு உதவும். இரண்டாவது நிரல் வாழ்க்கைக்கு உதவும்.

கேள்வி கேட்ட அம்மாணவன் தன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். அவனுடைய தமக்கை பேர்த்தில் வசிக்கிறாளாம். அதனாற்றான் அந்நகரைப் பற்றிக் கேட்டானாம். இரு நிரல்களையும் ஒழுங்காக எழுதி, அடியிலே கோடிட்டு ஒரு வசனமும் சேர்த்திருந்தான்: "ஆகவே அக்கா புறப்பட வேண்டுமானால், முதல் நாளே சொல்லிவிட வேண்டும்."

அவனுக்கு முழுப் புள்ளியும் கொடுத்தோம்.